அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஜெரோட்டா ஃபேசியா’ என்று இருக்கிறது. அது உடம்பில் எங்கே?

வெண்ணாறு, நீடாமங்கலம்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. குறுவை நடவு முடிந்த மறுவாரம் குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு போர்வை போட்டும் கட்டில் கிடுகிடுவென்று ஆடும் அளவுக்கு நடுக்கம். நாள் முழுக்கச் சேற்றில் நின்ற அசதிதான் என்று இரண்டு நாள் மாத்திரையோடு விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலிக்கிறது என்றார். பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, அதனால் மேற்கொண்டு வீட்டில் வைத்திருக்கப் பயமாகிவிட்டது. தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் முதுகில் ஒரு கையைப் பரப்பி வைத்து, அதன்மேல் மறு கையால் மெதுவாகக் குத்தினார். அப்பா துள்ளி எழுந்துவிட்டார். சிறுநீரகத்தில் தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு நான்காவது நாள், நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. காய்ச்சல் நேற்றிலிருந்து இல்லை. மருத்துவத்தை டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ரிப்போர்ட்டைப் பற்றி. அதில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்: வலது சிறுநீரகம் சற்றுப் பெரிதாக உள்ளது, பெரிநெஃப்ரிக் ஃபேட் ஸ்ட்ராண்டிங், ஜெரோட்டா ஃபேசியா திக்கனிங், கல் இல்லை, கலெக்‌ஷன் இல்லை. ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டரிடம் கேட்டேன். “கிட்னியைச் சுற்றியிருக்கிற கொழுப்பும் ஜவ்வும் கொஞ்சம் வீங்கியிருக்கும்மா, சரியாயிடும்” என்றார். அவருக்கு அடுத்த வார்டில் இருந்து அழைப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் அம்மா, “கிட்னியிலே கொழுப்புக் கட்டியிருக்கு, நெய்யையும் கறியையும் நிறுத்துங்க” என்கிறார். அப்பா 52 கிலோ. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். அவருக்கு எங்கிருந்து வந்தது கொழுப்பு?

இன்னொன்று. படுக்கும்போது வலது முழங்காலை மடக்கியே வைத்திருக்கிறார். காலை நீட்டினால் வலி என்கிறார். சிறுநீரகம் எங்கே, கால் எங்கே? நான் படித்தது பி.காம். எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

பாமணி, மன்னார்குடி

தங்கச்சி, நான் கறிக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்டுக் கிட்னியை, எங்கள் பாஷையில் குண்டிக்காயை, தினமும் கையில் எடுப்பவன். முதுகிலும் தொடையிலும் கொழுப்பே இல்லாத வற்றல் வெள்ளாட்டைக்கூட உரித்துத் திறந்தால், குண்டிக்காய் மட்டும் வெள்ளைக் கொழுப்புக்குள் புதைந்துதான் இருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் அது குண்டிக்காய் என்றே சொல்ல மாட்டார்கள், கொழுப்புக் கட்டி என்பார்கள். கத்தி வேண்டாம், இரண்டு கட்டை விரலால் பிளந்தால் போதும், உள்ளே இருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதற்கு மேலே கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு தோல் இருக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அதை உரித்துவிட்டுத்தான் கொடுப்போம், இல்லையென்றால் வறுக்கும்போது சுருங்கி இழுத்துக்கொள்ளும்.

ஆட்டுக்கே இப்படி. அப்பா நெய் சாப்பிட்டுக் கட்டிய கொழுப்பு இல்லை அது. பிறக்கும்போதே கூட வந்தது.

அரசலாறு, கும்பகோணம்

அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக எழுத உட்கார்ந்தேன். நான் மருத்துவக் கல்லூரியில் 31 வருடம் உடற்கூறியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டிருப்பது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். உங்கள் கையை முதுகுக்குக் கொண்டுபோய், கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். அது முதுகுத்தண்டின் ஓரமாக ஓடுகிற தடித்த தசையைத் தொடும் இடத்தில் ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலைக்கு உள்பக்கம்தான் சிறுநீரகம். டாக்டர் குத்திப் பார்த்தது அந்த மூலையில்தான். வயிற்றுக்குள் குடல், இரைப்பை எல்லாம் ஒரு பெரிய வழுவழுப்பான பைக்குள் இருக்கின்றன, அதன் பெயர் பெரிடோனியம். சிறுநீரகம் அந்தப் பைக்குள் இல்லை. பைக்குப் பின்னால், முதுகுச் சுவரோடு ஒட்டி இருக்கிறது. ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளம், 150 கிராம் எடை. வலது பக்கம் கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால், வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும்.

இப்போது உறைகள். உள்ளிருந்து வெளியே வருவோம். மன்னார்குடித் தம்பி சொன்ன கண்ணாடிக் காகிதம்தான் முதல் உறை, நாங்கள் அதை கேப்ஸ்யூல் என்போம். மெல்லியது, ஆனால் எளிதில் கிழியாது. நல்ல சிறுநீரகத்தில் அப்படியே உரிந்து வரும். நெடுநாள் தொற்றால் தழும்பேறிய சிறுநீரகத்தில் உரியாது, சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். சிறுநீரகத்தின் சதைக்கு வலி தெரியாது. அது வீங்கும்போது இந்த உறை விண்ணென்று இழுபடும், வலி அந்த இழுபாட்டில் வருவது. ரிப்போர்ட்டில் ‘சற்றுப் பெரிதாக’ என்று இருக்கிறதே, அப்பாவின் முதுகு வலிக்கு அதுவே பாதிக் காரணம்.

அதற்கு வெளியே கொழுப்பு. ரிப்போர்ட்டில் வந்த ‘பெரிநெஃப்ரிக் ஃபேட்’ இதுதான். ஒல்லியானவர்களுக்கும் உண்டு, அளவு மட்டும் குறையும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் அதிகம். நாம் மூச்சை இழுக்கும்போது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசைத் தடுப்பான உதரவிதானம் கீழே தள்ள, சிறுநீரகம் ஓர் அங்குலம் வரை இறங்கி மறுபடி ஏறும். பகலும் இரவும் அது அப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எலும்பில் இடிக்காமல், உரசாமல் இருப்பது இந்தக் கொழுப்பால். தம்பி பார்ப்பது வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், மனிதக் கொழுப்பு மஞ்சள். உயிருள்ள உடம்பின் சூட்டில் வெண்ணெயைவிடக் குழைவாக இருக்கும்.

அந்தக் கொழுப்புக்கும் வெளியே ஒரு படலம், அதுவே உங்கள் ஜெரோட்டா ஃபேசியா. முன்னால் ஒரு ஏடு, பின்னால் ஒரு ஏடு. இரண்டுக்கும் நடுவே சிறுநீரகமும் கொழுப்பும், மேலே தொப்பி போல அட்ரீனல் சுரப்பியும். அதற்கும் வெளியே, முக்கியமாகப் பின்பக்கம், இன்னொரு கொழுப்புப் படுகை உண்டு. அதை வேறு பெயரில் சொல்வார்கள், உங்கள் ரிப்போர்ட்டில் அது வரவில்லை, விட்டுவிடுவோம்.

இந்தப் படலத்தைப் பற்றி நான் மனதில் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியராகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் வரை, இதைப் படத்தில் வரைந்து காட்டினேனே தவிர, என் கண்ணால் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அறுப்புக் கூடத்தில் பழக்கம் அப்படி. வயிற்றைத் திறந்து குடலை ஒதுக்கியதும், மாணவர்களிடம் “சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யுங்கள்” என்போம். ஃபார்மலின் ஏறிய கொழுப்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அவர்கள் ஃபோர்செப்ஸால் கொத்துக் கொத்தாகப் பிய்த்துத் தட்டில் போடுவார்கள். கொழுப்போடு கொழுப்பாக அந்தப் படலமும் போய்விடும். கடைசியில் அவரைக்கொட்டை மாதிரி ஒரு சிறுநீரகம், ஒரு தமனி, ஒரு சிரை, ஒரு சிறுநீர்க்குழாய், படத்தில் இருப்பது போலவே பளிச்சென்று. மதிப்பெண்ணும் போடுவேன்.

ஒருநாள் அறுவைச் சிகிச்சைத் துறை நண்பர் கூடத்துக்கு வந்தார். அவரிடம் ஒரு நோயாளி. வந்தது தொடை இடுக்குக்கு மேலே சீழ்க்கட்டி. கீறிவிட்டுப் பார்த்தால், சீழின் ஊற்று மேலே சிறுநீரகத்தில் இருக்கிறது. “அவ்வளவு தூரம் எந்த வழியாக இறங்கியது, காட்டுங்கள்” என்றார். அலமாரியில் இருந்த சிறுநீரகங்களை எல்லாம் எடுத்து வைத்தேன். வழி எதிலும் இல்லை. வழியைத்தான் நாங்கள் சுரண்டித் தட்டில் போட்டிருந்தோமே.

அடுத்து வந்த உடலில் ஒரு பக்கத்தை யாரையும் தொட விடவில்லை. வயதான மனிதர், மெலிந்த தேகம், உள்ளங்கால் வெடித்திருந்தது. உழுது பிழைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன். பெருங்குடலை நடுப்பக்கமாகப் புரட்டிவிட்டு, கத்தி இல்லாமல் விரலாலேயே போனேன். சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு படலம் தெரிந்தது. ஈரமான மல்துணி மாதிரி, அடியில் விரலை விட்டால் விரலின் நிழல் தெரியும். மேல் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், உதரவிதானத்தில் இறுகப் பிடித்திருந்தது, போகவில்லை. வெளி ஓரத்தில் இரண்டு ஏடும் ஒன்றாகச் சேர்ந்து பக்கச் சுவருக்குப் போனது. உள் ஓரத்தில் பெருந்தமனி, பெருஞ்சிரையைச் சுற்றியிருக்கிற நாரில் கலந்து, விரலுக்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு கீழ் ஓரம். சிறுநீர்க்குழாயைப் பிடித்துக்கொண்டே விரலை மேலே நகர்த்தினேன். தடையே இல்லை. நேராகக் கொழுப்புக்குள் போய், விரல் நுனி சிறுநீரகத்தின் கீழ் முனையைத் தொட்டது. அன்றைக்குக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

நம் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூன்று பக்கம் வரப்பு உயர்த்திக் கட்டி, நான்காவது பக்கத்தைச் சும்மா மண்ணை அணைத்து விட்டால் தண்ணீர் எங்கே போகும்? கடைமடைக்குத்தான். நண்பரின் நோயாளிக்குச் சீழ் அப்படித்தான் இடுப்புக்குழிக்கு இறங்கியிருக்கிறது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘கலெக்‌ஷன் இல்லை’ என்று இருக்கிறது. அதாவது இறங்குவதற்குச் சீழே தேங்கவில்லை. நான் முதலில் தேடியதும் அந்த வார்த்தையைத்தான்.

கால் சங்கதிக்கு வருகிறேன். ஜெரோட்டா படலத்தின் பின் ஏட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு நீளமான தசை இருக்கிறது, சோயாஸ் என்று பெயர். முதுகெலும்பில் பிறந்து, இடுப்புக்குழி ஓரமாக இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. தொடையைத் தூக்கி மடக்குவது அதன் வேலை. சிறுநீரகம் கிட்டத்தட்ட அதன்மேல் சாய்ந்துகொண்டு இருக்கிறது. மேலே அழற்சி வந்து பின் ஏடு வரை எட்டினால், இந்தத் தசைக்கும் சூடு படும். காலை நீட்டினால் தசை இழுபடும், வலிக்கும். மடக்கினால் தளரும். அப்பா யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தசையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஆனாலும் காலை மடக்கிப் படுப்பதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சில நாள் கழிந்தும் அது குறையாவிட்டால் மறுபடி ஸ்கேன் பார்க்க நினைப்பார்கள், அவர்களுக்கு அது தெரிய வேண்டிய தகவல்.

ஓடம்போக்கி, திருவாரூர்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நான் சி.டி. ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபர், 14 வருடமாக. ஐயா விரலால் தடவிப் பார்த்ததை நான் தினமும் திரையில் பார்க்கிறேன்.

சகோதரி, ஸ்கேனில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. கொழுப்பு கழித்தல் 100 பக்கம். எண் குறையக் குறையப் படத்தில் கறுப்பு. அதனால் கொழுப்பு எங்கள் திரையில் கரும் சாம்பலாகத் தெரியும், நடுவே சிறுநீரகம் வெளுப்பாக. இரண்டும் சேருகிற விளிம்பு நல்ல நாளில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கறுப்புக்கு வெளி ஓரத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போகும், அதுதான் ஜெரோட்டா. சாதாரணமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கொழுப்பு நிறைய இருப்பவர்களுக்கு இது அழகாகத் தெரியும். உங்கள் அப்பா மாதிரி மெலிந்தவர்களுக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், நிஜமாகவே தடித்திருக்கிறது.

ஸ்ட்ராண்டிங் என்பது, அந்தக் கறுப்புக்குள் வெள்ளை நூல் நூலாகத் தெரிவது. காலையில் குளத்து மேலே பனி இழை இழையாக நிற்குமே, அப்படி. அந்த நூல்கள் புதிதாக முளைத்தவை அல்ல. கொழுப்புக்குள் முன்பே மெல்லிய நார்த்தடுப்புகள் இருக்கின்றன. சில சிறுநீரகத்தின் உறையில் இருந்து ஜெரோட்டா படலத்துக்குப் பாலம் மாதிரி போகும், சில சிறுநீரகத்தோடு ஒட்டிச் சுற்றி வரும். 1986-இல் குனின் என்ற மருத்துவர் இவற்றை விரிவாக எழுதினார், அதனால் சிலர் அவர் பெயரிலேயே சொல்வார்கள். அழற்சி வந்தால் இந்த நார்களில் நீர் கோர்க்கும், உப்பும், அப்போது படத்தில் நூலாகத் தெரியும். நீர் இந்த நார்கள் வழியாகவே வெளிப்படலத்துக்குப் போவதால்தான் ஜெரோட்டாவும் தடிக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் அடுத்தடுத்து வந்திருப்பது அதனால்தான்.

ஒன்று கவனியுங்கள். இந்த வார்த்தைகள் நோயின் பெயர் இல்லை. கல் அடைத்தாலும் இப்படி வரும், அடிபட்டு ரத்தம் கசிந்தாலும் வரும். வயதானவர்கள் சிலருக்கு ஒரு நோயும் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசாக இருக்கும். உங்கள் அப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும், காய்ச்சலோடு, முதுகு வலியோடு. அதெல்லாம் சேர்ந்துதான் டாக்டர் தொற்று என்கிறார்.

சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகத் தொற்று என்று ஸ்கேனுக்கு வந்தால், நான் முதலில் தேடுவது காற்று. சில கிருமிகள் உள்ளேயே வாயுவை உண்டாக்கும், அது மிக மோசமான நிலை. கொழுப்பு சாம்பல் கறுப்பு, வாயு அட்டைக் கறுப்பு, பார்த்ததும் தெரிந்துவிடும். இருந்திருந்தால் ரிப்போர்ட்டின் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும். இல்லை. தைரியமாக இருங்கள்.

வெண்ணாறு, நீடாமங்கலம்

ஐயா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உள்ளங்கால் வெடித்திருந்த அந்த மனிதரைப் பற்றிய இடம் வந்ததும், “எந்த ஊராம்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேற்றுத் தம்பி கடைக்குப் போய், கொழுப்போடு சேர்த்து ஒரு குண்டிக்காய் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தான். வீட்டுக் கொல்லையில் தாம்பாளத்தில் வைத்து இரண்டு பேரும் பிரித்தோம். மன்னார்குடி அண்ணன் சொன்ன மாதிரியே கட்டை விரலால் பிளந்ததும் வழுக்கி வந்தது. உள்தோல் உரிந்தது, தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக வேலி தெரிகிறது. ஆனால் வெளிப்படலம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடையில் வெட்டும்போதே போயிருக்கும் போல. ஐயா சொன்ன அட்ரீனல் சுரப்பியும் இல்லை.

காலை நீட்டுவது பற்றி டாக்டரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். நேற்றைவிட இன்றைக்கு நன்றாகவே நீட்டுகிறார்.

இரண்டு கேள்வி. சிறுநீரகத்தை எடுத்தால் கூடவே வர வேண்டிய அட்ரீனல் ஏன் வரவில்லை? தடித்த அந்தப் படலம் பழையபடி ஆகிவிடுமா, இல்லை அப்படியே நின்றுவிடுமா? கொழுப்புக் குறைந்தவர் என்பதால் அப்பாவின் சிறுநீரகம் நகர்ந்துவிடுமோ என்றும் ஒரு பயம் இருக்கிறது. மூன்றாகிவிட்டது, மன்னிக்கவும்.

அரசலாறு, கும்பகோணம்

வெளிப்படலம் கிடைக்காததற்கு வருத்தப்படாதீர்கள் அம்மா, எனக்கே பன்னிரண்டு வருடம் கிடைக்கவில்லை. அட்ரீனலைக் கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு உண்டு. பிறப்பிலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியில் உருவாகி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறி வருகிறது. அட்ரீனல் மேலேயே உருவாகி அங்கேயே காத்திருக்கிறது. சிலருக்குச் சிறுநீரகம் ஏறாமல் இடுப்புக்குழியிலேயே தங்கிவிடும், அப்போதும் அட்ரீனல் தன் இடத்தில்தான் இருக்கும். அதனால்தான் சிறுநீரகத்தை மட்டும் பிரித்து எடுக்க முடிகிறது, தானமும் கொடுக்க முடிகிறது.

நகர்வதைப் பற்றி. மிக மெலிந்த சிலருக்கு, எழுந்து நிற்கும்போது சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்குவது உண்டு. கீழ்ப்பக்கம் படலம் திறந்திருக்கிறது என்றேனே, அந்த வழியாகத்தான். அது பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், அதுவும் வலது பக்கம். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அப்பாவுக்கு அப்படி இருந்தால் ரிப்போர்ட்டில் இடம் மாறியிருப்பதைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்தை விடுங்கள்.

படலம் பழையபடி ஆகும். ஆனால் ஆள் தேறுகிற வேகத்தில் படம் தேறாது. காய்ச்சல் போய், சாப்பிட்டு, வயலுக்கே போன பிறகும், ஸ்கேன் எடுத்தால் சில வாரம் அந்த நூல்கள் மிச்சம் தெரியலாம். நார் உறிஞ்சிய நீர் வடிய நேரம் எடுக்கும். அதனால் அடுத்த ரிப்போர்ட்டில் மறுபடி அதே வார்த்தை வந்தால் பதறாமல், முதல் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பின் ஏட்டை 1883-இல் சூக்கர்காண்டல் என்ற ஆஸ்திரிய உடற்கூறியலாளர் விவரித்தார். முன்பக்கம் தனியாக ஏடு இருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. 1895-இல் அதைக் காட்டியவர் ருமேனியாக்காரரான டிமிட்ரி ஜெரோட்டா. அதற்கு ஏழு வருடம் கழித்து, 1902-இல், அதே மனிதர் இன்னொரு காரியத்துக்குத் துணை நின்றார். பிரன்குஷி என்ற இளம் சிற்பி, தோல் உரித்த மனித உடலைத் தசை தசையாகச் சிலை செய்தார். மருத்துவ மாணவர்கள் பார்த்துப் படிக்க. அவருக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்து வழிநடத்தியவர் ஜெரோட்டா. நான் சுவாமிமலைப் பக்கத்தில் வளர்ந்தவன். மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டலை முதலில் மெல்லிசாகப் பூசி, பிறகு பருமண்ணை ஏற்றி, அடுக்கடுக்காக மூடுவதைச் சிறுவயதில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் பூச்சு நகக்கண்ணைவிட மெல்லிசு. சிலையின் முகம், நகை எல்லாம் அதில்தான் பதியும். ஜெரோட்டா படலத்தை அன்றைக்குக் கையில் பார்த்தபோது எனக்கு அந்த வண்டல்தான் நினைவுக்கு வந்தது.

உறை என்றால் சும்மா மூடி வைப்பது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இன்னும் ஒன்றே ஒன்று. 1939-இல் பேஜ் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் சிறுநீரகத்தைச் செல்லோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். சுற்றிலும் தடித்த நாருறை உருவாகிச் சிறுநீரகத்தை இறுக்கியது, நாய்களுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மனிதர்களுக்கும் அடிபட்டு, கேப்ஸ்யூலுக்கு அடியில் ரத்தம் கட்டி இறுக்கினால் அதே போல ஏறுவது உண்டு. சிறுநீரகத்துக்குத் தன்னைச் சுற்றி இருப்பது இறுகுகிறதா, தளர்கிறதா என்று தெரியும்.

புற்றுநோயிலும் இந்தப் படலம்தான் எல்லைக்கல். கட்டி கொழுப்புக்குள் இருக்கும்வரை ஒரு நிலை, ஜெரோட்டாவைத் தாண்டினால் கடைசி நிலை. அப்பாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேறு யாராவது இந்தப் பெயரைத் தேடி இங்கே வரலாம், அவர்களுக்காக எழுதுகிறேன்.

நண்பர் வந்துபோன அந்த நாளுக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு உடலிலும் ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்ய விடாமல் வைத்தேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, கீழ் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர்களில் சிலர் இப்போது தஞ்சையிலும் திருச்சியிலும் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள்.

வெண்ணாறு, நீடாமங்கலம்

ஐயா, நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாளுக்கு மாத்திரை, அப்புறம் சிறுநீர் சோதனை. சர்க்கரைக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்கேன் படத்தை உறையோடு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டேன்.

ராத்திரி படுக்கும்போது பார்த்தேன், இரண்டு காலையும் நீட்டித்தான் படுத்திருந்தார். காலையில் மடையைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார், அம்மா விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அந்த மூலை எங்கே இருக்கிறது என்று முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.